நீ எழுந்து போன படம்

கோவை
ஞாயிறு காலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வலது முழங்கால் மறுபடி மக்கர் செய்கிறது. படி ஏறினால் உள்ளே அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். பெரியவன் பெங்களூரில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான், சின்னவளுக்குக் கடைசி வருஷம். அச்சகம் ஏதோ ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகையையே போனில் அனுப்பிவிடுகிறார்கள், நமக்கு வருவது பில் புத்தகமும் நோட்டீசும்தான்.

அம்மா போய் வருஷம் திரும்பப் போகிறது என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வருவேன். கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, "இந்த வயசிலும் அந்தக் கொடூரப் படங்களையே தேடித் தேடிப் பார்க்கிறாயாமே, நிஜத்தில் இல்லாத கொடுமையா?" என்று, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

பொங்கல் லீவில் என் மைத்துனன் வந்திருந்தான். "என்னமோ பெரிய படமெல்லாம் பாக்கறீங்களாமே மாமா, ஒண்ணு போடுங்க" என்றான். நானும் புத்திகெட்டுப் போய் 'ஃபன்னி கேம்ஸ்' போட்டேன். ஆஸ்திரியாக்காரர் மைக்கேல் ஹனேகே 1997-இல் எடுத்தது. புருஷன், பொண்டாட்டி, சின்னப் பையன், ஒரு நாய். ஏரிக்கரை வீட்டுக்கு விடுமுறைக்கு வருகிறார்கள். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு இளைஞர்கள் வந்து பக்கத்து வீட்டுக்கு முட்டை வேண்டும் என்று கேட்கிறார்கள். அவ்வளவு மரியாதையான பையன்கள். முட்டை உடைகிறது, இன்னும் கேட்கிறார்கள், மறுபடி உடைகிறது. கொஞ்ச நேரத்தில் கோல்ஃப் மட்டையால் வீட்டுக்காரரின் காலை உடைத்துவிடுகிறார்கள். எனக்கு என் முழங்கால் கூசியது.

அந்தக் குழந்தை சாகிற இடம் பற்றிச் சொல்ல வேண்டும். சாவை அவர் காட்டவே இல்லை. காமிரா சமையலறையில் இருக்கிறது. அந்த இருவரில் ஒருவன் அங்கே தனக்குத் தின்ன ஏதோ தயார் செய்துகொண்டிருக்கிறான். பக்கத்து அறையில் வெடிச்சத்தம். அவன் கை நிற்கவில்லை. அடுத்து, ரத்தம் தெறித்த டிவி. அதில் கார் ரேஸ் ஓடுகிறது. பிறகு சுமார் பத்து நிமிடம் ஒரே ஷாட். கட்டிப்போடப்பட்ட அம்மாக்காரி உட்கார்ந்திருக்கிறாள், காமிரா அசையவில்லை, ரேஸ் கார்கள் கத்திக்கொண்டே இருக்கின்றன. என் மைத்துனன் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "அந்த டிவிய யாராச்சும் நிறுத்துங்களேன்" என்றான், எங்கள் வீட்டு டிவியைப் பார்த்து.

பின்னால் ஓர் இடத்தில் அவள் சட்டென்று துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுட்டுவிடுகிறாள். மைத்துனன் சோபாவிலிருந்து எழுந்துவிட்டான். "அப்படிப் போடு!" என்று கைதட்டல். நானும் தட்டினேன். இத்தனைக்கும் அது எனக்கு மூன்றாவது முறை, அடுத்து வரப்போவது தெரியும். படத்தில் மற்றவன் பதறிப்போய் ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்குகிறான். படம் பின்னோக்கி ஓடுகிறது. செத்தவன் எழுந்துகொள்கிறான். இந்தத் தடவை துப்பாக்கி அவள் கைக்குப் போகாமல் பிடுங்கிவிடுகிறார்கள்.

மைத்துனன் என் மகன் பக்கம் திரும்பி, "எவன்டா ரிமோட்ட அமுக்குனது?" என்று கத்தினான்.

எங்கள் ரிமோட் முறுக்குத் தட்டுக்கு அடியில் கிடந்தது. அவன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

ஹனேகேயிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவர் ஹெட்மாஸ்டர் மாதிரி. உனக்கு ரத்தம் பார்க்க ஆசை, பழிவாங்குவதைப் பார்க்க ஆசை, ஏறு பெஞ்சு மேல் என்கிறார். கொல்கிறவன் நடுநடுவே நம் பக்கம் திரும்பிக் கண்ணடித்து, நீங்கள் யார் கட்சி என்று கேட்கிறான். பாடம் போதவில்லை என்று 2007-இல் அமெரிக்காவில் ஷாட்டுக்கு ஷாட் அதே படத்தைத் திரும்ப எடுத்தார். எனக்கு ஒன்று போதும். ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. படத்திலிருந்து எழுந்து போகிறவருக்கு அந்தப் படம் தேவையில்லை, உட்கார்ந்து முழுக்கப் பார்க்கிறவருக்குத்தான் தேவை என்கிறார். அதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

திருச்சியில் நாம் திரைப்படச் சங்கம் நடத்தியது ஞாபகமிருக்கிறதா? தகரப் பெட்டியில் 16 எம்எம் சுருள்கள் ரயிலில் வரும், நீயும் நானும் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவோம். அன்றைக்குப் படம் 'வந்து பார்'. எலெம் கிளிமோவ் 1985-இல் எடுத்த சோவியத் படம். 1943-இல் பெலாரஸ். ஃப்ளோரா என்ற பையன் ஜெர்மானியரை எதிர்க்கிற கெரில்லாப் படையில் சேரப் போகிறான். ஊர் திரும்பினால் வீட்டில் ஆள் இல்லை. அடுப்பில் சூப்பு சூடாக இருக்கிறது. தரையில் பொம்மைகள், எங்கும் ஈ. எல்லோரும் எங்கேயோ ஒளிந்திருக்கிறார்கள் என்று சொல்லி அவன் ஓட, கூட ஓடுகிற பெண் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவருக்குப் பின்னால் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. அவன் பார்க்கவில்லை. நமக்கும் ஒரு நொடிதான்.

அதுவரைக்கும் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். ஒரு ஊரையே மரக் கொட்டகைக்குள் அடைத்துக் கதவைச் சாத்தினார்களே, அங்கே எழுந்து வெளியே போனாய். சங்கச் செயலாளர் என்ற மிதப்பில் எனக்கு எரிச்சல். இவனே எழுந்து போனால் மற்றவன் எப்படி உட்காருவான் என்று நினைத்தேன். படம் முடிந்து வந்தால் நீ டீக்கடை பெஞ்சில் இருந்தாய். "உள்ள சத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டாய். படம்தான் முடிந்துவிட்டதே என்றேன். "சத்தம்?" என்றாய் மறுபடி. நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த பொங்கலுக்கு உன் ஊருக்கு வந்தபோதுதான் விளங்கியது. கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார். கீழவெண்மணிப் பக்கம் வானம் சிவந்ததாம். வைக்கோல்போர்தான் எரிகிறது என்று முதலில் நினைத்தார்களாம். நீ அப்போது வயிற்றில். "காத்து இந்தப் பக்கம் அடிச்சுது தம்பி. சத்தம் வந்துச்சு, அப்புறம் போவவே இல்ல" என்றார். 1968-இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள் என்றும், கேட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு என்றும், 1973-இல் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்தது என்றும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவனை ஒரு புரொஜெக்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, ஏன் எழுந்து போனாய் என்று கோபித்துக்கொண்டவன் நான்.

நீ பார்க்காத பகுதியை இத்தனை வருஷத்தில் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடு. குழந்தைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஜன்னல் வழியாக வெளியே வரலாம் என்கிறான் ஒரு ஜெர்மானியன். ஃப்ளோரா வெளியே வருகிறான். கொளுத்திவிட்டுச் சிப்பாய்கள் கைதட்டுகிறார்கள். அவர்களுடைய அதிகாரி தோளில் ஒரு தேவாங்கை வைத்துக்கொண்டு திரிகிறான், அவ்வளவு செல்லம். பிறகு அவர்கள் கெரில்லாக்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்ரோல்கூட ஊற்றியாகிவிட்டது, ஆனால் பந்தம் பற்றவைப்பதற்குள் கூட்டம் சுட்டுத் தீர்த்துவிடுகிறது. கைதட்ட நமக்கு நேரமே கிடைப்பதில்லை. கடைசியில் ஃப்ளோரா, இரண்டே நாளில் முகமெல்லாம் சுருங்கிக் கிழவனாகிப்போன பையன், சேற்றுத் தண்ணீரில் கிடக்கும் ஹிட்லர் படத்தைச் சுடுகிறான். படம் முழுக்க அவன் சுடுகிற முதல் குண்டு அது. ஒவ்வொரு குண்டுக்கும் பழைய செய்திப்படங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. விழுந்த குண்டு விமானத்துக்கே திரும்பிப் போகிறது, இடிந்த கட்டடம் எழுகிறது. ஓடி ஓடி, அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தை ஹிட்லரில் வந்து நிற்கிறது. பையனால் அதைச் சுட முடியவில்லை. ஊராரோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரஸ் கிராமங்கள் 628 என்று எழுத்து வருகிறது.

இரண்டு படத்திலும் காலம் பின்னால் ஓடுகிறது, பார். அங்கே நம் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்குகிறார் இயக்குநர். இங்கே நம் கையில் அதைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறார். கிளிமோவ் என்னைத் திட்டவில்லை. அவரோடு சேர்ந்து கதை எழுதிய அலெஸ் அதமோவிச் சிறுவயதில் அந்தக் காட்டில் கெரில்லாவாக இருந்தவர், பின்னாளில் எரிந்த ஊர்களில் தப்பியவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொன்னதையெல்லாம் பதிவு செய்தவர். அதனால் இருக்கலாம். கிளிமோவ் 2003-இல் சாகும்வரை அதற்குப் பிறகு ஒரு படமும் எடுக்கவில்லை.

நம் ஊர்ப் படத்தில் இந்த வலியை எனக்குக் கொடுத்தது 'விசாரணை'. எங்கள் கோவை ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார் குண்டூரில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'தான் அதன் மூலம். அடி பார்ப்பதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தமிழ்நாட்டு போலீஸ்காரர் வந்து மீட்டதும் 'அப்பாடா' என்றேனே, அந்த அப்பாடாவுக்குத்தான் இடைவேளைக்குப் பின்னால் தண்டனை கிடைத்தது.

ஏன் பார்க்கிறேன் என்று கேட்டாய். என் வீட்டுப் பக்கம் அப்படியொரு காற்று அடித்ததில்லை, சேகர். கைதட்டிவிட்டுப் படுத்தால் தூக்கம் வந்துவிடுகிற ஆள் நான். எனக்குத் தேவைப்படுகிறது. உனக்குத் தேவைப்படவில்லை.

வெண்மணி வழக்கில் விடுதலையானவரை 1980-இல் வெட்டிக் கொன்ற செய்தி வந்த அன்று என்ன தோன்றியது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன், உனக்குத் தெரியாது. "ஒல கொதிச்சுக்கிட்டு கெடந்துச்சு. அரிசியப் போட்டேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் துருவவில்லை.

செம்மொழி எக்ஸ்பிரஸில் மன்னார்குடி வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கிறேன். கீழ் பெர்த்துக்குப் போட்டிருக்கிறேன். நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ எடுத்துவைக்கச் சொல், போன தடவை அரைக்கிலோதான் கொடுத்தாய். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
ராஜு

பி.கு.: எழுதி முடித்து ஒட்டப் போகும்போது மைத்துனன் போன். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்கிறான்: "மாமா, அந்தப் படத்துல ஆரம்பத்துலயே படகுல ஒரு கத்தி கெடந்துச்சுல்ல, அது கடைசில அந்தம்மாவுக்கு ஒதவுச்சுங்களா?" நேரில் வந்து பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.