ஜூன் மாதக் கல்லூரிக் கட்டணம்: ஊர் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஊர் நிர்வாகக் குழுக்களுக்கும், பங்குப் பேரவைகளுக்கும், சேகரக் கமிட்டிகளுக்கும், ஜமாத் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குக் கோவில் கொடை விழாவிலும் திருவிழா மேடையிலும் பொன்னாடை போர்த்திக் கேடயம் வழங்குவது நம் ஊர்களின் நல்ல வழக்கம். ஆனால் அதே பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தபின் ஊர் அவர்களைப் பற்றி விசாரிப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டத்துக்கு இது பொருந்தவில்லை.

கல்லூரிச் சேர்க்கையும் முதல் கட்டணமும் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் வருகின்றன. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். குளச்சல், முட்டம், தூத்தூர் பகுதிகளில் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளுக்கு அந்த 61 நாளும் கடல் வருமானம் கிடையாது. அதே நேரத்தில் இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்வதால் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கங்களில் ரப்பர் பால்வெட்டும் அடிக்கடி நின்றுபோகிறது. கடலோரமும் மலையோரமும் ஒருசேர முடங்கிக் கிடக்கும் அந்த இரண்டு மாதங்களில்தான் நம் வீடுகளில் இருக்கிற நகை அடகுக்குப் போகிறது, இல்லாதவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

ஆகவே, ஒவ்வோர் ஊரும் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையும், வளைகுடா நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பும் நன்கொடையில் ஒரு பங்கையும் சேர்த்து, வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மே மாதத்திலேயே தொகை கையில் இருக்க வேண்டும். கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே செலுத்திவிட்டு, படகு கடலுக்குப் போய், பால்வெட்டும் சீரான பிறகு, செப்டம்பர் தொடங்கித் தவணையாகத் திரும்பப் பெறலாம். திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டு வேறொரு வீட்டுக்குப் போகும். வாங்கியவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கவோ பலகையில் எழுதவோ கூடாது. கொடுத்தவர் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளுங்கள், அதில் நமக்குள்ள ஆர்வம் தெரிந்ததே.

பணத்துக்கு அடுத்த தடை காகிதம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்குத் தனி உதவித்தொகைகளும் உண்டு. எனினும் வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. ஆழ்கடலுக்குப் போன தகப்பன் வாரக்கணக்கில் கரைக்கு வராத வீட்டில் யார் நடப்பது? ஓய்வுபெற்ற ஆசிரியரும் வருவாய்த்துறை ஊழியரும் இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் அரிது. அவர்களில் ஒருவரை இந்தப் பொறுப்புக்கென்று நியமித்தால் போதும்.

காலையில் செய்தித்தாளுக்கு மட்டும் திறந்து மூடும் நம் படிப்பகங்களை இரவு பத்து மணி வரை நல்ல வெளிச்சத்தோடும் இணைய இணைப்போடும் திறந்துவைத்தால், ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பருவத்தேர்வுக்கு அங்கே படிப்பார்கள். கேரம் பலகையைத் திண்ணைக்கு மாற்றிவிடலாம்.

இந்த மூன்றையும், குறிப்பாகக் கைமாற்று நிதியை, வரும் ஏப்ரலுக்குள் உங்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, வரவு செலவுக் கணக்கில் தனித் தலைப்பாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த, பணி நிறைவு பெற்ற கல்லூரி ஆசிரியர்