சாவிக்கு ஒரு சொல் போதுமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ் அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கு,

வணக்கம். மகளுக்குக் கையடக்க அகராதி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் 'சாவி'க்கு எதிரே 'திறவுகோல்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். அவள் தேடியது பூட்டுக்காக அல்ல. ஊரில் என் அப்பா ஒரு நெற்கதிரை உருவி, உள்ளங்கையில் கசக்கி ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. "பாதி சாவியாப் போச்சும்மா" என்றார். பறந்துபோன உமிக்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளை குழம்பிவிட்டாள்.

ஒரு சம்பந்தமும் இல்லை. பால் பிடிக்காமல் பதராகிப்போன சாவி நம் வயல்காட்டுச் சொல். பூட்டைத் திறக்கும் சாவி கப்பலில் வந்தது. லத்தீன் 'கிளாவிஸ்' இத்தாலியத்தில் கியாவே, ஸ்பானியத்தில் யாவே, பிரெஞ்சில் கிளே, போர்ச்சுகீசியத்தில் சாவே. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்குப் பிறகு, மேசை, அலமாரி, ஜன்னலோடு இதுவும் நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மராத்தியிலும் குஜராத்தியிலும் சாவி, இந்தியிலும் வங்காளத்திலும் சாபி. வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் இன்று 'சாவே'யை 'ஷாவ்' என்பதுபோலச் சொல்கிறார்கள். 'பச்சை'யில் வரும் அந்த அழுத்தமான பழைய ஒலியை அவர்கள் தொலைத்துவிட்டார்கள். இந்திக்காரர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடுகிறார்களே, அந்தக் 'கான்கிளேவ்'கூட இதே குடும்பம்தான்: சாவி போட்டுப் பூட்டிய அறை.

சரி, எல்லாத் தமிழரும் சாவி என்றா சொல்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் திறப்பு. நாகர்கோவில் பக்கம் தாக்கோல், மலையாளத்திலும் அதுவே. தாழைத் திறக்கும் கோல் என்று பொருள் அதிலேயே தெரிகிறது. திறவுகோலைப் பைபிளில் படித்திருக்கிறேன், 'பரலோகராஜ்யத்தின் திறவுகோல்கள்' என்று. ஆனால் "திறவுகோலை எங்கே வெச்ச?" என்று எந்த வீட்டிலும் காதில் விழுந்ததில்லை. நீங்களோ அதை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இரண்டு சாவிக்கும் தனித்தனிப் பதிவு போடுங்கள். பூட்டுச் சாவி எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்; குற்றப்பத்திரிகை மாதிரி வேண்டாம், பிறந்த ஊரைச் சொல்கிற மாதிரி இருக்கட்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் கள்ளச்சாவியும் உள்ளே வரட்டும். கடன் வாங்கிய சொல்லுக்கு முன்னால் 'கள்ள' என்று நம் சொல்லை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது நம்மோடு பழகிவிட்டதே. திறப்பும் தாக்கோலும் பக்கத்திலேயே நிற்கட்டும். இடம் போதாது என்பீர்கள். வாங்கிய பதிப்பில் கடைசி நான்கு பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கின்றன.

மகள் காத்திருக்கவில்லை. 'திறவுகோல்' என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள்: '2. தாத்தா ஊதினது.'

இப்படிக்கு,
அகராதி வாங்கிய ஓர் அப்பா