ரசச் சொம்பும் தூண்டில் முள்ளும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய விஷயம், அதற்குள் பழவேற்காட்டில் போய்க் கொடுவாய் மீனுக்கு நின்றாயா, உன்னை என்ன சொல்லித் திட்டுவது? இங்கே எல்லாரும் சௌக்கியம். மகன் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டான், அவன் அறை இப்போது என் பட்டறை.

சரி, ஜிக்கை வீட்டிலேயே வார்ப்பது எப்படி என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். முள்ளின் மேல் ஈயத் தலை வார்த்த இந்தப் போலி இரையை நானே செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் கஞ்சத்தனம்தான். நம்ம கடற்கரையில் கொட்டியிருக்கிற கல்வரிசைக்குத் தூண்டில் வளைவு என்று எவன் பேர் வைத்தானோ, அது நம் தூண்டிலைத்தான் பிடிக்கிறது. ஒரே சாயங்காலத்தில் நாலு ஜிக்கைக் கல் இடுக்கில் விட்டு தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு வந்தேன், ஒவ்வொன்றும் 120 ரூபாய்.

அன்று ராத்திரிதான் பரணில் கிடந்த அம்மாவின் ஈயச் சொம்பு ஞாபகம் வந்தது. அதில் வைத்த ரசத்தை நீயும் குடித்திருக்கிறாய். ஒருநாள் அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தாள், ரசம் வற்றியது, சொம்பு அப்படியே உருகி பர்னரில் வழிந்துவிட்டது. அந்தக் கட்டியைப் போட மனசில்லாமல் துணியில் முடிந்து வைத்திருந்தாள். அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு நூறைத் தாண்டாததால்தான் அத்தனை வருஷம் பிழைத்திருந்தது. கடை ஜிக்கில் இருப்பது பெரும்பாலும் காரீயம், 327 டிகிரி வேண்டும், கனமும் அதிகம். ஒரே அச்சில் காரீயம் ஊற்றினால் 10 கிராம் வருகிற தலை, வெள்ளீயத்தில் ஆறரைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இங்கே ஆழத்தில் அது பற்றாது. உன் காயலில் தண்ணீரே இடுப்பளவு, மெதுவாக இறங்குகிற ஜிக்தான் உனக்கு நல்லது. விலை பல மடங்கு, ஆனாலும் நீ வெள்ளீயத்திலேயே ஆரம்பி என்பேன். அங்கே சேற்றை அலசித் தின்கிற பூநாரைக் கூட்டம் வேறு இருக்கிறது. அன்னங்கள் ஈயக் குண்டை விழுங்கிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987லேயே சின்ன ஈயக் குண்டு விற்கத் தடை போட்டார்கள்.

காரீயம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப் போட்ட பேலன்சிங் குண்டுகளைக் கேள். கட்டரால் கடித்தால் மெத்தென்று இறங்குவது ஈயம். இறங்காதது துத்தநாகமோ இரும்போ, தூக்கிப் போடு. பழைய பேட்டரித் தகட்டை மட்டும் தொடாதே, அதை உருக்கினால் வருகிற புகை ஆளையே முடித்துவிடும்.

அச்சுக்கு, ரெண்டு பாதியாகத் திறக்கிற அலுமினிய அச்சை வாங்கிவிடு. நான் சிக்கனம் பார்த்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தேன். ஒரு கடை ஜிக்கைப் பாதி புதைத்து, காய்ந்ததும் மேலே வாசலின் தடவி மறுபாதி ஊற்றினேன், அச்சு அழகாக வந்தது. ரெண்டு நாள் வெயிலில் வைத்தேன், தொட்டால் காய்ந்துதான் இருந்தது. ஈயத்தை ஊற்றிய அடுத்த நொடி டப் என்று ஒரு சத்தம், உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி ஈயத்தை மேலே தூக்கி அடித்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, முன்னங்கையில் மூன்று பொட்டு இன்னும் இருக்கிறது. முள், கரண்டி, அச்சு, எதிலும் ஒரு சொட்டு ஈரம் கூடாது, உன் வியர்வைகூட. மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நின்று செய், முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொள். டீ டம்ளரைப் பக்கத்தில் வைக்காதே, பேரப்பிள்ளைகளை மேலே விடாதே, அந்தக் கரண்டி திரும்ப அடுக்களைக்குப் போகவே கூடாது. சொம்பு ஈயத்திலும் காரீயக் கலப்படம் இருக்கலாம், அதற்கும் இதே கட்டுப்பாடுதான்.

முதல் நாலைந்து தலை சொத்தையாகத்தான் வரும், அச்சு சூடாகாததுதான் காரணம். கற்பூரப் புகையில் அச்சின் உள்பக்கத்தைக் கறுப்பாக்கிக்கொண்டால் ஈயம் மூலைவரை ஓடும். உருகியதன் மேலே மிதக்கிற கசடை வழித்துவிட்டு, நரம்பு கட்டுகிற கண் பக்கம் வளைந்த ஜிக் முள்ளைப் பள்ளத்தில் வைத்து மூடி, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்று. ஆறியதும், ஊற்றின வாயில் நீட்டிக்கொண்டிருக்கிற ஈய வாலைக் கட்டரால் நறுக்கிவிடலாம்.

அப்புறம்தான் சுவாரஸ்யமே. வர்ணத்துக்கு நெயில் பாலிஷ் போதும். கோழிக்கடையில் கேட்டால் சேவல் கழுத்து இறகு சும்மாவே தருவான், அதை முள்தண்டில் வைத்துத் தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, நடுவே பளபளப்புக்கு நாலு இழை ஜரிகை. என் ஜரிகை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் இன்னும் தெரியாது, நீ பேசும்போது உளறிவிடாதே. போன மாசம் அதில் ஒரு பாரை மீன் ஏறியது, ரெண்டு கிலோவுக்கு மேலே.

இந்தக் கடிதத்தோடு ஆறு ஜிக் அனுப்புகிறேன். சிவப்பு நூல் சுற்றிய ரெண்டும் அம்மாவின் சொம்பு. அதைக் கொண்டுபோய்க் கல்லில் விட்டுவிடாதே.

உன்,
பழைய தூண்டில் கூட்டாளி