தம்பிக்கு அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லாரும் நலம். சிங்கப்பூரில் உனக்கு வேலை அதிகம் என்று அக்கா சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு பைபாஸ் தேதி கிடைத்துவிட்டது, அடுத்த மாதக் கடைசியில். மூன்று குழாயிலும் அடைப்பு என்று அக்கா சொல்லியிருப்பாள். கோலாலம்பூருக்குப் போனபோது ஆபரேஷனில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்க, டாக்டர் கணினியில் யூரோஸ்கோர் என்று ஒரு கணக்குப் போட்டார். வயது, இன்சுலின் போடுகிறாரா, சிறுநீரகம் எப்படி, சமீபத்தில் மாரடைப்பு வந்ததா, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினார். இதயம் பம்ப் செய்வது 40 சதவீதம்தான். 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். கடைசியில் நூற்றுக்கு 3 என்று வந்தது. இவரைப் போல 100 பேருக்கு ஆபரேஷன் செய்தால் 3 பேர் பிழைக்காமல் போகலாம் என்று விளக்கினார். எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "மிச்சம் 97 பேர் வீட்டுக்குப் போறாங்கதானே டாக்டர், செய்ங்க" என்றார். எஸ்டேட்டை விற்றபோது நஷ்டஈடு கேட்டு முன்னால் நின்றவர் அல்லவா. அந்த நெஞ்சுரம் உனக்கும் உண்டு. அதே பிடிவாதமும்.

அப்புறம் டாக்டர் சிகரெட்டைப் பற்றிக் கேட்டார். "விட்டு வருஷமாச்சு" என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி, இன்னும் விடவில்லை. சாயங்காலம் செம்பனை ஓரமாக நடந்துவிட்டு வருகிறேன் என்று போகிறார். சட்டையைத் துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

அந்தக் கணக்கில் சிகரெட்டுக்கு என்று தனியாக இடம் இல்லையாம். நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. ஆனால் புகைக்கிறவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டும், நிமோனியா வரலாம், மூச்சுக் கருவியை எடுக்கத் தாமதமாகலாம், குறைந்தது 4 வாரமாவது முன்னாடியே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த 4 வாரம் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் குளோபிடோக்ரெல் மாத்திரையை ஆபரேஷனுக்கு 5 நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், ஆஸ்பிரினைத் தொடர வேண்டும். அதையெல்லாம் காலண்டரில் குறித்துவிட்டேன், நான் பார்த்துக்கொள்வேன். சிகரெட்டைத்தான் என்னால் நிறுத்த முடியவில்லை. நான் சொன்னால் சத்தம் போடுகிறார். அக்கா சொன்னால் சிரித்து மழுப்புகிறார்.

நீ சொன்னால் கேட்பார். வீட்டு விஷயத்தில் அவர் பேசியது அதிகம்தான், நீ பேசியதும் குறைவில்லை. தீபாவளிக்கு உன் தட்டையும் எடுத்து வைக்கச் சொன்னவர் அவர்தான். வராமல் இருந்துவிட்டாய். பிள்ளையைப் படிக்க வைத்து இவ்வளவு தூரம் அனுப்பியவருக்கு ஒரு போன் கிடைக்கக்கூடாதா?

பெரியப்பாவும் இந்த நெஞ்சு வலியில்தான் போனார். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், நீயும் கொழுப்பைப் பார்த்துக்கொள். நீ சிகரெட்டைத் தொடுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

சிகரெட்டை விடுங்கள் என்பதோடு, டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றும் சொல். ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு முறை டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அப்போது சொல்லலாம். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ராத்திரி 8 மணிச் செய்தி முடிந்ததும் கூப்பிடு, போன் அவர் பக்கத்தில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா