‘செட்டில்டு’ வேறு, ‘க்ளோஸ்டு’ வேறாம்! சேலம் மாவட்ட வங்கி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் கடன் கொடுத்து, வசூலித்து, கணக்கு முடிக்கும் வங்கிகள், நிதி நிறுவனங்களின் மேலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பனங்காட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். என்னை மாதிரி எத்தனையோ பேர் உங்கள் மேசைக்கு வந்து போவதால் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு நினைவிருக்காது. கம்ப்யூட்டருக்கு மட்டும் நினைவிருக்கிறது. போன மாதம் அது என்னை நன்றாகவே நினைவு வைத்திருந்தது.

அன்றைக்குப் பட்டறைக்கு முதல் போடக் கடன் வேண்டுமென்று ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். காரணம் உங்களுக்கே தெரியும். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனதிலிருந்து, வெள்ளி வியாபாரம் நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் வாய்வார்த்தையை நம்பி வெள்ளிக்கட்டியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. முன்பணம் வைத்தால்தான் வேலை. கடன் பிரிவில் இருந்த பெண் மரியாதையாக உட்காரச் சொன்னார், ஆதாரும் பான் கார்டும் வாங்கித் தட்டினார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் பேனாவை வைத்தார்.

“அண்ணா, உங்க பழைய மெஷின் லோன் இன்னும் க்ளோஸ் ஆகலைங்களே.”

“அதை 2022லயே செட்டில் பண்ணிட்டேனுங்க மேடம்.”

“அதாங்கண்ணா பிரச்சனை. செட்டில்டுன்னுதான் இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். லாமினேஷன் போட்ட கடிதம். மூன்று வருஷமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஓரத்தில் விபூதிக் கறை இருக்கும். அந்தப் பெண் அதை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இதை யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொல்வதுபோல இருந்தது அந்தக் கொடுப்பு.

விஷயத்தை அவர்தான் விளக்கினார். வாங்கிய கடனையும் வட்டியையும் முழுதாகக் கட்டி முடித்தால், நம் கடன் வரலாற்றை வங்கிகளுக்குச் சொல்லும் சிபில் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று ஏறும். வங்கி கொஞ்சம் விட்டுக்கொடுத்து, குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தால் ‘செட்டில்டு’ என்று ஏறும். முன்னது நற்சான்று. பின்னது, இந்த ஆள் முழுசாகக் கட்டவில்லை என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும் எச்சரிக்கை. 300ல் தொடங்கி 900ல் முடிகிற சிபில் மதிப்பெண்ணையும் அது கீழே இழுத்துவிடும். “ஏழு வருஷம் வரைக்கும் இருக்குமுங்கண்ணா” என்றார். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைக்குக்கூட அதே வருஷம் துணைத் தேர்வு வைக்கிற ஊரில் எனக்கு ஏழு வருஷம்.

மேலாளர்களே, உங்களுக்கு இது தினமும் புழங்கும் சொல். எங்களுக்கும் தினமும் புழங்கும் சொல்தான், தொல்லையே அங்கேதான் இருக்கிறது. எங்கள் தெருவில் ‘பையன் செட்டில் ஆயிட்டான்’ என்றால் நல்ல வேலை கிடைத்துவிட்டது, பெண் பார்க்கலாம் என்று அர்த்தம். பத்திர ஆபீசில் ‘செட்டில்மென்ட்’ என்றால் அப்பா மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பது. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ‘செட்டில் பண்ணிட்டேன்’ என்றால் நோட்டில் ஒரு பைசா பாக்கி இல்லை. ‘க்ளோஸ்’ என்பது அப்படியா? கடை க்ளோஸ் என்றால் பூட்டு. ‘ஆளு க்ளோஸ்’ என்றால் சங்கு. இந்த இரண்டில் எது உன் கணக்குக்கு வேண்டும் என்று சேலத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் செட்டில்தான் வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

எப்படிப் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2019ல் செயின் மெஷினுக்காக 3 லட்சம் வாங்கினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வட்டி தள்ளி நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஏறியது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, கொலுசு யாருக்கு வேண்டும்? கட்டினேன், விட்டேன், மறுபடி கட்டினேன். 2022 கடைசியில் வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 1,38,000 நின்றது. அப்போதுதான் ஒரு கல்யாண மண்டபத்தில் கேம்ப் போட்டு அழைத்தார்கள். “85,000 ஒரே அமவுண்ட்டா கட்டி செட்டில் பண்ணிடுங்கண்ணா, இன்னையோட தொல்லை விட்டுச்சு” என்றார் மேசையில் இருந்தவர். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். மனைவியின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். நான்கு பக்க இங்கிலீஷ் காகிதத்தில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் கடிதம் வந்தது. அதைத்தான் லாமினேட் செய்தேன்.

விட்டுக்கொடுத்த தொகை 53,000. அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பணக்காரன் இல்லை. ஆனால் அந்த 53,000க்கு விலை ஏழு வருஷம் என்று அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர், வாயால் சொல்லியிருந்தால் சங்கிலியோடு வளையலையும் சேர்த்து வைத்திருப்பேன். இல்லையென்றால் ஆறு மாதம் தவணை கேட்டிருப்பேன். எது லாபம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட விடாமல் செய்தது ஒரு சொல்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஆற்றாமையில் அவரிடம் போய்ப் புலம்பினேன். “இங்கிலீஷ்மேல பழி போடாதப்பா, அந்தச் சொல்லுக்குள்ளயே ரெண்டும் இருக்கு” என்றார். ‘செட்டில் அப்’ என்றால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து நேர்செய்வது. ‘செட்டில் ஃபார்’ என்றால் கேட்டது கிடைக்காது என்று தெரிந்து, கிடைத்தது போதும் என்று ஒத்துக்கொள்வது. ஓட்டலில் பில்லை செட்டில் செய்கிறவன் முழுப் பணத்தைத்தான் வைக்கிறான். கோர்ட்டில் வழக்கை செட்டில் செய்கிறவன் பாதியை விட்டுக்கொடுக்கிறான். ஆக, நான் முதல் அர்த்தத்தில் கையெழுத்துப் போட்டேன், நீங்கள் இரண்டாவது அர்த்தத்தில் பதிவு செய்தீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆதியில் உட்காருவது, தங்குவது என்றுதான் பொருளாம். அது எனக்கும் தெரியும். பட்டறைக் குப்பையைக் கழுவித் தொட்டியில் விட்டால் வெள்ளித்தூள் அடியில் போய் செட்டில் ஆகும். நாங்கள் அதை வீணாக விடுவதில்லை, வழித்தெடுத்து உருக்கி மறுபடி வெள்ளியாக்குவோம். என் பெயர் அடியில் போய்த் தங்கிவிட்டது, வழித்தெடுக்கத்தான் வழியில்லை.

வழி இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்ற நோ டியூ சர்டிபிகேட் வாங்கினால், கடன் கொடுத்தவர் ‘க்ளோஸ்டு’ என்று மாற்றி அனுப்பலாமாம். சந்தோஷமாகப் பழைய கிளைக்கு ஓடினேன். “உங்க அக்கவுண்ட்டே சிஸ்டத்துல இல்லைங்க, பாக்கி பூஜ்யம், எதுல வரவு வைக்கறது?” என்றார்கள். ஃபைல் சென்னைக்குப் போய்விட்டதாம். அடுத்த வாரம் வேறொருவர், மேலிடத்துக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்றார். அதற்கடுத்த வாரம் மெயில் போட்டவரே மாறுதலில் போய்விட்டார். கடன் கொடுக்க மறுக்கும்போது இருக்கிற பாக்கி, கட்டப் போனால் இல்லை. ஐயா, பேய் பிசாசை நான் நம்புவதில்லை. இந்த 53,000த்தை நம்புகிறேன்.

சிபிலுக்கும் புகார் போட்டுப் பார்த்தேன். கடன் கொடுத்தவர் பதிவு சரி என்று உறுதி செய்துவிட்டார் என்று பதில் வந்தது. உண்மையில் பதிவு சரிதான், அதை நான் மறுக்கவில்லை. புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எனக்கு அதுவும் வராது. என்னுடையதைத்தான் முப்பது நாளுக்குள் தீர்த்துவிட்டார்களே, ‘சரி’ என்று! நான் கேட்பது வேறு. கையெழுத்துப் போடுமுன் தமிழில் ஒரு வரி. அவ்வளவுதான்.

புதிதாக ஒன்றையும் நான் கேட்கவில்லை. 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி, கடன் கொடுக்கும்போது வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்து, விளக்கி, கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த வருஷம் அக்டோபர் முதல் நீங்களும் செய்கிறீர்கள். நுழையும் வாசலில் தமிழ்ப் பலகை வைத்தவர்கள், வெளியேறும் வாசலில் மட்டும் ஏன் இங்கிலீஷ் பலகை வைக்கிறீர்கள்? தடுக்கி விழுவதெல்லாம் வெளியேறும் வாசலில்தான்.

என் ஒருவன் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்காட்டில் காபியும் மிளகும் போட்டிருக்கும் என் மச்சானுக்கும் இதே ‘செட்டில்டு’தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, ‘நாளைக்கு வாருங்கள்’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு, திரும்ப இருபது வளைவு ஏறுகிறார். செய்தித்தாளில் ‘கடன் தள்ளுபடி’ என்று வந்ததை நம்பியவர் அவர். அதுவும் ஒரு இரட்டைச் சொல். கடனையே மன்னித்து விடுவதும் தள்ளுபடி, வங்கி தன் ஏட்டிலிருந்து எடுத்து ஓரமாக வைப்பதும் தள்ளுபடி. பெரிய கம்பெனிகளின் கடனைத் தள்ளியதாகச் செய்தி வரும்போது, ‘அது ஏட்டு வேலைதான், வசூல் தொடரும்’ என்று பொறுமையாக விளக்கம் கொடுக்கிறீர்கள். அந்தப் பொறுமையில் கால் பங்கு என் மச்சானுக்குக் கிடைத்திருந்தால் டீசல் மிச்சமாகியிருக்கும். அப்புறம் இந்த ‘அவுட்ஸ்டாண்டிங்’. பள்ளிக்கூடத்தில் அது முதல் மார்க் பிள்ளைக்குச் சொல்லும் பாராட்டு, உங்களிடம் கட்டாத பாக்கி. எனக்கு முதல் நோட்டீஸ் வந்தபோது என் மகள், “அப்பா, உன்னை அவுட்ஸ்டாண்டிங்னு போட்டிருக்காங்க” என்று சிரித்தாள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எங்கள் தொழிலில் வெள்ளியின் சுத்தத்தைச் சொல்ல ‘டச்’ என்று ஒரு கணக்கு உண்டு. எழுபது டச் வெள்ளியும் வெள்ளிதான், தொண்ணூறு டச் வெள்ளியும் வெள்ளிதான். கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. எழுபதை விற்றுவிட்டு, வாங்கியவர் திரும்பி வந்து கேட்கும்போது, ‘நான் வெள்ளி என்றுதானே சொன்னேன்’ என்று நான் சொன்னால் செவ்வாய்ப்பேட்டையில் என்னை நிற்க விடுவார்களா? என்ன டச் என்று முதலிலேயே சொல்லிவிட்டு விற்பதுதான் வியாபாரம். அதைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

கணக்கு முடிப்புக் காகிதத்தில் கையெழுத்துக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில், தமிழில் இப்படிப் போடுங்கள்: “நீங்கள் கட்டுவது முழுத்தொகை அல்ல. மீதியை வங்கி விட்டுக்கொடுக்கிறது. உங்கள் கடன் அறிக்கையில் ‘முழுதும் கட்டப்பட்டது’ என்று வராது; ‘குறைத்துக் கட்டி முடித்தது’ என்று வரும். அடுத்த கடன் கிடைப்பது கடினமாகலாம்.” இதைவிட நல்ல தமிழ் உங்களிடம் இருந்தால் அதையே போடுங்கள். கேம்ப்பில் மேசைக்கு முன் உட்காருபவர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். டீ வாங்கிக் கொடுக்கிற நேரத்தில் முடிந்துவிடும். பிறகு மனம் மாறி மீதியைக் கட்ட வருகிறவரிடம் அதை எங்கே, யாரிடம் கட்டுவது என்பதையும் அதே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

என் பழைய கிளையின் மேலாளரும் இதைப் படிக்கக்கூடும். ஐயா, கடைசியாகச் செய்து கொடுத்த கொலுசுக்கான கூலி அடுத்த வாரம் வருகிறது. வளையல் வைக்காமலே 53,000 சேர்ந்துவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பணத்தோடும் லாமினேட் செய்த அந்தக் கடிதத்தோடும் வருகிறேன். எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்று மட்டும், தயவுசெய்து, சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுப் பட்டறைக்காரன்,
பனங்காடு, சேலம்.