போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்: எரேமியாவின் கடிதத்தை முழுவதும் வாசியுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் பிரசங்கிமாருக்கும் ஸ்தோத்திரம்.

பதினெட்டு ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தருகிறவள் என்ற ஒரே உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். புத்தாண்டு ஆராதனையில், தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல என்று சொல்லும் எரேமியா 29:11 அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிப்போன ஒரு தாய், மகனுக்கு வேலை அமையாமலே டிசம்பர் வந்துவிட்ட நிலையில், அதைப் பைபிளுக்குள்ளிருந்து எடுத்து என் கையில் வைத்து, “என் விசுவாசத்தில் எங்கே குறை, டீச்சர்?” என்று கேட்டார். மடித்து மடித்து அட்டையின் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அவருக்கு உரிய பதில் அந்த வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்தில் இருக்கிறது; அதை நாம் ஒருநாளும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். சில ஆண்டுகள் கழித்து, அடுத்து ராஜாவான சிதேக்கியாவின் நாளில், அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் ஆசாரியர் முன்பும் ஜனங்கள் முன்பும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் சிறைப்பட்டவர்களும் ஆலயத்துப் பணிமுட்டுகளும் திரும்பிவருவார்கள் என்று கர்த்தரின் பேரால் அறிவித்தான். பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாகக் கழுத்தில் மர நுகத்தோடு அங்கே நின்றிருந்த எரேமியா தீர்க்கதரிசி சொன்ன முதல் வார்த்தை “ஆமென்” என்பதை நாம் கவனிக்க வேண்டும். அப்படியே நடந்தால் அவரைவிட மகிழ்கிறவர் யாருமில்லை. ஆனால் சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறிய பிறகுதான் அவன் மெய்யாய் அனுப்பப்பட்டவன் என்று விளங்கும் என்று எச்சரித்தார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைத்தான்; எரேமியா மறுபேச்சில்லாமல் தம் வழியே போனார். பிறகு கர்த்தர் அவருக்குக் கொடுத்த வார்த்தை, உடைந்த மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்பதே.

பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில்தான் நம் அட்டை வசனம் வருகிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று சொல்லி, எழுபது வருஷம் ஆகும் என்று 10ஆம் வசனம் கணக்கும் கொடுக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் ஏறக்குறைய யாருமே ஊர் திரும்பப்போவதில்லை. அது தெரிந்தும், அவர்களைக் குறித்த தேவனுடைய நினைவுகள் தீமைக்கானவை அல்ல என்று எரேமியா எழுதினார். வாக்குத்தத்தத்தின் முழு எடையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு வருஷம் என்றவன் அனனியா. எழுபது என்றவர் எரேமியா. எரேமியாவின் வசனத்தை அட்டையில் அச்சிட்டு, அதற்கு அனனியாவின் தவணையை விதித்து, “இந்த வருஷத்துக்குள்” என்று மேடையிலிருந்து நாம் அறிவிக்கிறோம்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டோ என்று நான் யோசிப்பதுண்டு. தீர்க்கதரிசி என்ற சொல் தூரத்தை, வருங்காலத்தைக் காண்கிறவர் என்றே காதில் விழுகிறது. எபிரெயத்தில் அந்தச் சொல் ‘நாபி’. நம் ஊர் இஸ்லாமியர் ‘நபி’ என்று சொல்வதும் அதன் உறவுச் சொல்தான். அது அழைக்கப்பட்டவரை, அனுப்பினவரின் வார்த்தையைச் சொல்லுகிறவரைக் குறிக்கிறது. கத்தோலிக்கர் வழங்கும் ‘இறைவாக்கினர்’ இதற்கு நெருங்கி வருகிறது. வருங்காலத்தையும் அவர்கள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பார்வை முதலில் விழுந்தது கண்முன் நடந்த காரியங்களின்மேல்.

ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பாருங்கள். யூதாவின் தெக்கோவாவில் மந்தை மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் கீழ் செழித்திருந்த இஸ்ரவேலின் வட ராஜ்யத்துக்குப் போய் அவர் பேசியது தானியம் அளக்கும் மரக்காலைப் பற்றி. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்து, மரக்காலைக் குறைத்து, எடைக்கல்லைப் பெரிதாக்கி, பதரையும் தானியமென்று விற்ற வியாபாரிகளை அவர் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கண்டித்த தந்தக் கட்டில்களின் சாட்சியைப்போல, 1930களில் அந்த ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவை அகழ்ந்தவர்களுக்கு யானைத்தந்தச் செதுக்கல்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. அடைமானமாக வாங்கிய வஸ்திரங்களை விரித்து, பீடங்களின் அருகே படுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய இன்னொரு குற்றச்சாட்டு. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, இரவில் அதுதான் அவனுக்குப் போர்வை என்று யாத்திராகமம் சொல்கிறது.

1960இல், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள மெசாத் ஹஷவ்யாகு என்ற பழைய கோட்டையில், மையால் எழுதிய பானை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அதில், அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு முறையிடுகிறான்: வேலையை முடித்து வைத்தேன், ஆனாலும் என் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், வெயிலில் என்னோடு அறுத்த சகோதரர்கள் சாட்சி சொல்வார்கள். ஆமோஸுக்கு நூறு ஆண்டுக்கும் பின்னர், அதே அநியாயம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. “அவனுக்காகத்தான் ஆமோஸ் பேசினாரா, மிஸ்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் என்றேன்.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே அப்பம் தின்று தீர்க்கதரிசனம் சொல் என்று ஆமோஸை விரட்டினான். தீர்க்கதரிசனத்தை வயிற்றுப்பிழைப்பென்றே அவன் எண்ணியிருக்க வேண்டும். நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல என்று ஆமோஸ் சொன்ன பதிலை, காணிக்கைக்கேற்ப தனிப்பட்ட தீர்க்கதரிசனம் சொல்லப்படும் இந்நாளில் நாம் பயத்தோடு வாசிக்க வேண்டும். பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா எவ்வளவு கடுமையாய்ச் சாடினார் என்பதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நம்பிக்கை வார்த்தையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா, ஆனதோத்திலிருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன் பத்திரம் எழுதி முத்திரையிட்டு, அநேக நாள் இருக்கும்படி அதை மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். பின்னாளில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாம் அனுபவிக்கப்போகாத நிலத்தையும் வாங்கிவைக்கும் இந்த நம்பிக்கையைச் சபையாருக்குக் கொடுங்கள். அதைத் தாங்கும் பலம் அவர்களுக்கு உண்டு.

எனவே உங்களிடம் மூன்று காரியங்களைத் தாழ்மையோடு கேட்கிறேன். அடுத்த புத்தாண்டில் எரேமியா 29:11ஐ அட்டையில் அச்சிட்டால், 10ஆம் வசனத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். அதற்கு முன்பாக ஒரு ஞாயிறு, 28ஆம் அதிகாரத்தையும் 29ஆம் அதிகாரத்தையும் ஒன்றாகப் பிரசங்கியுங்கள். ஒன்பதே அதிகாரங்கள் உள்ள ஆமோஸை ஒரு மாதம் எடுத்து, மரக்காலையும் அடகு வஸ்திரத்தையும் விட்டுவிடாமல் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் பிரசங்கிக்கும் அந்த ஞாயிறன்று, அட்டையைப் பைபிளில் வைத்திருக்கும் அந்தத் தாயை முன்வரிசையில் என் அருகே உட்காரவைக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை