கச்சேரி வேறு, வகுப்பு வேறு

ஆசிரியருக்கு,

அகில இந்திய வானொலியின் தரவரிசையில் ‘ஏ’ கிரேடு பெற்ற, பட்டம் முடித்த இசைக் கலைஞர்கள் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகலாம் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள். நல்ல விஷயம். ஆனால் குருவின் எதிரே தனியாக உட்கார்ந்து கற்றவர், இருபது பேர் வகுப்பில் என்ன செய்வார்?

தவில் கலைஞரான என் அண்ணன் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது, முதல் பருவம் முழுக்க வாசித்தே காட்டினார். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சொற்கட்டில் (தாளச் சொற்களின் கோவையில்) கை தடுக்கிறது என்று கவனிக்கவே முடியவில்லையாம். வினாத்தாள் தயாரிக்கவும் யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படி வரும் கலைஞர்களுக்குப் பணியில் சேர்ந்ததுமே தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மூத்த ஆசிரியர் வகுப்பில் சில வாரம் உட்காரவிட்டாலே பாதி வேலை முடியும். தயவுசெய்து மார்கழியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், கச்சேரி இருக்கும்!

– வாசகர், கும்பகோணம்